கோலில் இரண்டு கோடுகள்

“அதுக்கு எதுக்குடா ரெண்டு கோடு? கோலுன்னா மருந்தைக் குத்தி இறுக்கறதுக்கு. நீ என்னமோ ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கற மாதிரி கோடு போட்டுக்கிட்டு இருக்க.”

“நக்கல் அப்பறம் பண்ணு. இந்தா, குழல்ல விடு. எதுவரைக்கும் போவுது?”

“மேல்கோடு வரைக்கும். வாய்க்குச் சரியா நிக்குது.”

“அப்படின்னா காலி. மருந்து கெட்டிச்சிருந்தா கீழ்க்கோட்டோட நின்னுடும், மேல்கோடு வெளிய தெரியும். இந்தத் துப்பாக்கில மருந்து இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது, சகாயம். கோலைக் கேட்டாத்தான் தெரியும்.”

“கேக்கறதுக்கு என்னடா இருக்கு? எவன் கெட்டிக்கிறானோ அவன்தான் சுடணும். அதுதான நம்ம ஊரு வழக்கம். தான் கெட்டிச்சது தனக்குத் தெரியாதா?”

பிரகாசு அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். குடவாசல் சாலையில் இருக்கும் அவன் லேத் பட்டறையின் பலகையில் அருள்பிரகாஷ் என்று முழுப்பெயர் எழுதியிருந்தாலும் ஊரில் அவன் பிரகாசுதான். தெற்குத் தெருக்காரன். எதிரே பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்த சகாயநாதன் வடக்குத் தெரு, உரக்கடைக்காரன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை இருவரும் ஒரே பெஞ்சு. பட்டறைக்குள் இருக்கும்போது ஒருவரையொருவர் ‘டா’ போட்டுப் பேசிக்கொள்வார்கள். ஷட்டருக்கு வெளியே வடக்குத் தெரு ஆள் யாராவது நின்றால் பிரகாசின் வாயில் ‘வாங்க, போங்க’ தானாக வந்துவிடும். சகாயத்தின் வாயில் அப்படி எதுவும் மாறாது. இத்தனை வருடத்தில் இருவருமே அதைப்பற்றிப் பேசியதில்லை.

ஊர் அந்தோணியார் கோவிலில் ஜூன் மாதம் கொடியேறும்போது, கொடி மரத்தின் உச்சியைத் தொட்டதும் கீழேயிருந்து ஒரு துப்பாக்கி வெடிக்க வேண்டும். அதற்கு முதல் வேட்டு என்று பெயர். அது வெடித்த பிறகுதான் மேளம், வாணவேடிக்கை எல்லாம். மூன்று தலைமுறையாக முதல் வேட்டுப் போட்டது சகாயத்தின் குடும்பம். அவர்களுக்குப் பின்னால் மருந்துப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றது பிரகாசின் அப்பா. இருபத்திரண்டு வருடம் நின்றார். குழலுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று வலது காது போய்விட்டது. ஒரு தடவைகூட அவர் விசையைத் தொட்டதில்லை. ஊரில் அவருக்கு ‘மருந்துப்பை’ என்றே பெயராகிவிட்டது.

கஜா புயலன்று சகாயத்தின் வீட்டு மச்சுக்கூரை பிரிந்து விழுந்ததில் துப்பாக்கி நாலு நாள் சேற்றுக்குள் கிடந்தது. கட்டையில் கறையான் ஏறியது. குதிரை, அதாவது சுத்தியல்போல மடிந்து வந்து, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் அடிக்கும் பாகம், துருப்பிடித்து ஒடிந்துபோனது. அதிலிருந்து கொடிக்கு ராக்கெட் வெடிதான் விட்டார்கள். ராக்கெட் கொடிமரத்தைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு வருடம் பந்தலில் விழுந்தது, மறு வருடம் ஃபாதரின் பைக்மேல் விழுந்தது. இந்த ஏப்ரலில்தான் சகாயம், லைசன்சைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட கையோடு, வெறும் குழலைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

“எங்கிட்ட எதுக்குடா கொண்டாந்த? நான் பொக்லைனுக்கு இரும்புப் பின் கடையறவன்.”

“நீ பண்ணு. பண்ணிட்டா இந்த வருசம் முதல் வேட்டு நீதான் போடற.”

பிரகாசு லேத்தை நிறுத்தினான். சக்கரம் ஓடி அடங்கியது.

“என்ன சொன்ன?”

“காதுல விழுந்துச்சுல்ல? உங்கப்பா மாதிரி உனக்கும் போயிடுச்சா? நீதான் சுடற. அந்தோணியார் மேல ஆணை.”

“உங்க பெரியப்பா ஒத்துக்குவாரா?”

“லைசன்சு யார் பேர்ல இருக்கு? அவர நான் பாத்துக்கறேன்.”

இரண்டு மாதம் அந்த ஒரு வார்த்தையைச் சாப்பிட்டுக்கொண்டுதான் பிரகாசு வேலை பார்த்தான். தஞ்சாவூரில் சபிஹா அக்காவின் பழைய இரும்புக் கடையில் மூன்று சாக்கைக் கொட்டிக் கிளறியதில் ஒரு குதிரை கிடைத்தது, அதை ஏந்தும் தகடும் கிடைத்தது, வில் இல்லை. வில்லை லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து வெட்டித் தேய்த்தான். விசை, கால் உடைந்த தையல் மிஷினிலிருந்து வந்தது. கோல், பீடத்து மெழுகுவத்திகளை அணைக்க உபதேசியார் வைத்திருந்து பிறகு வளைந்துபோனதென்று போட்ட கம்பி. கட்டைக்குத்தான் மரம் அமையவில்லை. பூவரசு வைத்துப் பார்த்தான், வெடித்தது. கடைசியில் சகாயமே கோவில் சாமான் அறையிலிருந்து ஒரு தேக்குத் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

பிரகாசின் அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கடைசல் பிடித்த உருண்டை வேலைப்பாடு.

“கிராதிக் கட்டைடா இது” என்றார்.

கோவிலுக்குள் நடுவே ஒரு காலத்தில் மரக்கிராதித் தடுப்பு ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் வடக்குத் தெரு, பின்னால் தெற்குத் தெரு. பிரகாசு பிறப்பதற்கு முன்பு ஒரு சாமியார் வந்து அதைப் பிடுங்கிப் போட்டார். பிடுங்கியதை எரிக்காமல் அறையில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

“இதுல செய்யறியா?” என்று அப்பா கேட்டார்.

“நல்ல தேக்குப்பா. ஆணி ஓட்டை தெரியாம மெழுகு வச்சிடுவேன்.”

அப்பா கட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அன்றே பெட்டியைத் திறந்து தன் வெள்ளைச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டார். கொடிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

வேலை முடிந்த அன்று இருவரும் துப்பாக்கியை வறண்டு கிடந்த வாய்க்காலுக்குக் கொண்டுபோய், டயரில் கட்டி, நீளமாகக் கயிறு விட்டு மறைவிலிருந்து இழுத்துப் பார்த்தார்கள். வெடித்தது. கரையில் இருந்த கொக்குகள் எல்லாம் ஒரே வெள்ளைத் துணியை உதறியதுபோல எழுந்தன. சகாயம் பிரகாசைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

“ஒரு பங்குதான் போடணும்” என்று பிரகாசு தரையில் இறங்கியதும் சொன்னான். “குழல் ரொம்பப் பழசு. பின்பக்கம் நான் புதுசாப் போட்ட அடைப்பு ஒண்ணுதான் நம்பிக்கை. ரெண்டு பங்கு விழுந்துச்சுன்னா முன்னாடி போகாது, பின்னாடி பிச்சுக்கிட்டு மூஞ்சிக்கு வரும்.”

“நீதான சுடப்போற. உன் மூஞ்சிதான? போனா என்ன நஷ்டம்?” என்று சகாயம் சிரித்தான்.

அன்று சகாயம் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் துப்பாக்கியின் படத்தைப் போட்டான். ‘எங்கள் தாத்தாவின் துப்பாக்கி, மீண்டும்’ என்று எழுதியிருந்தது. பிரகாசின் மனைவி பாத்திமா மேரி அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“நீங்க பிடிச்சிருக்கிங்க, அவரு எடுத்திருக்காரு. ஆனா படத்துல ஒங்க கட்டைவிரல் மட்டுந்தான் இருக்கு.”

“துப்பாக்கி முழுசாத் தெரியணும்ல? ஆளுக்கு எங்க எடம்?”

“கட்டைவிரலுக்கு இருந்துச்சே” என்று சொல்லிவிட்டு அவள் போனைக் கொடுத்தாள். பிரகாசுக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. எதிலும் ஒரு நூலைப் பிடித்து இழுக்கும் பழக்கம் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டான்.

கொடியேற்ற நாளில் மத்தியானம் மூன்று மணிக்கு அவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கைகழுவி, தனியாக உட்கார்ந்து கெட்டித்தான். கரிமருந்து ஒரு பங்கு, அதன்மேல் தேங்காய் நார். கோலால் இறுக்கினான். ஒவ்வொரு குத்துக்கும் ஒவ்வொரு பெயர் சொல்லிக்கொண்டான். அப்பா, மேரி, சகாயம். கீழ்க்கோடு வாயோடு வந்து நின்றது. மேல்கோடு வெளியே தெரிந்தது. கெட்டித்தவன் கைதான் சுடும். ஊர் வழக்கத்தை இனி யாரும் மாற்ற முடியாது. கேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதைக் கொடிமரத்தடியில்தான் பொருத்த வேண்டும். துப்பாக்கியை வேட்டியில் சுற்றிப் பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டில் மாட்டினான். கோலைச் சுவரில் சாய்த்தான்.

அந்த நேரம் பார்த்து வாய்க்கால் தூர்வாரும் இடத்திலிருந்து ஆள் வந்தான். பொக்லைன் பக்கெட்டின் பின் ஒடிந்துவிட்டது, வண்டி வாய்க்காலுக்குள் முடங்கிக் கிடக்கிறது, அடுத்த வாரம் மேட்டூர்த் தண்ணீர் வந்துவிடும் என்று கையைப் பிடித்து இழுத்தான். ஒரு மணி நேர வேலை. போய்விட்டு வந்து குளித்தாலும் ஐந்தரை மணிக் கொடிக்கு நேரம் இருந்தது. பிரகாசு போனான்.

திரும்பி வந்தபோது ஆணியில் வேட்டி மட்டும் தொங்கியது.

“சாமிதுரை ஐயா வந்து வாங்கிட்டுப் போனாரு” என்றாள் மேரி. சாமிதுரை, சகாயத்தின் பெரியப்பா. “ஃபாதர் மந்திரிக்கணுமாம். மந்திரிச்சு வச்சிருக்கோம், பிரகாச அங்க வந்து வாங்கிக்கச் சொல்லுன்னாரு.”

“அவரே வந்தாரா? நம்ம வீட்டுக்கா?”

“உள்ள வந்து உக்காந்தாருங்க. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு. மாமாகிட்ட ‘என்னய்யா மருந்துப்பை, ஒம் மவன் இன்னைக்குப் பெரிய ஆளாயிட்டான்’னு சொல்லிச் சிரிச்சாரு. நானும் ஒரு நிமிசம் ஆடிப்போயிட்டேன்.”

எதையும் சந்தேகப்படும் மேரியின் முகமே அன்று மலர்ந்திருந்தது. வடக்குத் தெருவிலிருந்து ஒரு பெரியவர் வந்து தன் வீட்டுச் செம்பில் தண்ணீர் குடித்ததைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிரகாசுக்கும் நெஞ்சு நிறைந்தது. கோல் மட்டும் சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. மறந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டான். அப்பா வெள்ளைச் சட்டையில் வாசலில் தயாராக நின்றார்.

கோவில் மைதானத்தை அடையும்போதே ஒலிபெருக்கி கேட்டது.

“...தஞ்சாவூரில் கைதேர்ந்த நிபுணர்களைக் கொண்டு சிறப்பாகப் பழுது பார்க்கப்பட்ட பாரம்பரியத் துப்பாக்கியால், வழக்கம்போல் வடக்குத் தெரு சகாயநாதன் குடும்பத்தார் முதல் வேட்டு முழங்க இருக்கிறார்கள். பக்தர்கள் கயிற்றுக்குப் பின்னால் நின்று...”

பிரகாசு நின்றுவிட்டான். அப்பாவுக்கு இடது காது பாதி கேட்கும். “என்னடா சொல்றான்?” என்றார். பிரகாசு ஒன்றுமில்லை என்று தலையாட்டினான். தஞ்சாவூர் என்று கேட்டதும் தன் பெயரும் வரும் என்று ஒரு கணம் அவன் காத்திருந்ததுதான் அவனுக்கே பிறகு வெட்கமாக இருந்தது.

சகாயம் அவனைப் பார்த்துவிட்டான். பட்டு வேட்டி, தோளில் துண்டு. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, ஜெனரேட்டர் வண்டியின் மறைவுக்கு வந்து பேசினான்.

“பெரியப்பா ஒத்துக்கலடா. காலைலேருந்து ஒரே சண்டை. எங்க பங்காளிங்க அத்தன பேரும் கூடிட்டாங்க.”

“அப்ப மந்திரிக்கறதுன்னு சொன்னது?”

“நீ கையில துப்பாக்கியோட வந்து நின்னா கலாட்டாவாயிடும்னு... அவருதான் அப்படி வாங்கிட்டு வரேன்னாரு.”

“உனக்குத் தெரியுமா, அவர் எங்க வீட்டுக்குப் போறது?”

சகாயம் ஜெனரேட்டரைப் பார்த்தான்.

“தெரியுமாடா?”

“மெதுவாப் பேசு. ‘டா’ எல்லாம் இங்க வேணாம். அடுத்த வருசம் நான் பாத்துக்கறேன். கொஞ்சம் புரிஞ்சுக்கயேன், பிரகாசு.”

“தஞ்சாவூர் நிபுணர் யாரு? எனக்கும் அவர அறிமுகம் பண்ணி வை. வேலை கத்துக்கறேன்.”

“மைக்குல அவங்களா எழுதிப் படிக்கறாங்க, அதுக்கு நான் என்ன பண்றது?” என்று சொல்லிக்கொண்டே சகாயம் நகர்ந்தான். போகும்போது பிரகாசின் தோளைத் தட்டப்போனவன், யாரோ திரும்பிப் பார்த்ததும், உயர்த்திய கையால் தன் துண்டைச் சரிசெய்துகொண்டான்.

அந்தக் கை பிரகாசுக்குத் தெரிந்த கை. கட்டையை அவன் இழைத்தபோது மறுமுனையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்த கை. வாய்க்காலில் தன்னைத் தூக்கிச் சுற்றிய கை. ஒரு தண்ணீர்ச் செம்பை நினைத்தான். இந்நேரம் மேரி அதைத் தனியாக எடுத்துக் கழுவி வைத்திருப்பாள். அவள் சிரித்த சிரிப்புதான் எல்லாவற்றையும்விடக் குத்தியது. அவனை ஏமாற்ற ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அவளை ஏமாற்ற அவர்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கிறார்கள்.

போய்விடலாம் என்றுதான் திரும்பினான். அப்பா நகரவில்லை. அவர் கயிற்றுக்குப் பின்னால் நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு கொடிமரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ சுடலியாடா?”

“இல்லப்பா. வாங்க போலாம்.”

அவர் அதற்கு ஆச்சரியப்படவில்லை. அதுவும் பிரகாசுக்கு வலித்தது.

கொடிமரத்தடியில் சகாயம் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்திருந்தான். சாமிதுரை மருந்துக் குப்பியைச் சரித்தார். வழக்கப்படி, சுடுகிறவன் தன் கையாலேயே கெட்டித்தான். பெரியப்பா வீட்டில் இருந்த, வெள்ளிப்பூண் போட்ட பழைய குடும்பக்கோலால் ஒரு குத்து, இரண்டு குத்து. சுற்றியிருந்த பங்காளிகள் கைதட்டினார்கள். சகாயத்தின் முகத்தில் புகைப்படத்துக்கு வரும் சிரிப்பு இருந்தது.

“என்னடா பிரகாசு” என்றார் அப்பா.

“வாங்கப்பான்னா.”

“இல்ல, பாரு. இருபத்திரண்டு வருசம் பாத்திருக்கேன். அந்தக் கோலு பூணுக்கு அரைச்சாண் கீழ வரைக்கும் உள்ள போவும். இப்ப பாரு, எவ்வளவு வெளிய நிக்குது. ரெண்டு மடங்கு போட்ட மாதிரி நிக்குது. உள்ள என்னமோ இருக்குடா.”

பிரகாசின் கைக்குள் கோல், அந்த மெழுகுவத்திக் கம்பி, சில்லிட்டது. மத்தியானம் மூன்று மணி. அரை இருட்டில் ஒவ்வொரு குத்துக்கும் சொன்ன பெயர்கள். கடைசிப் பெயர்.

கெட்டித்தவன்தான் சுடுவான் என்று அவன் நம்பினான். சுடுகிறவன்தான் கெட்டிப்பான் என்று அவர்கள் நம்பினார்கள். வழக்கத்தை இரண்டு பக்கமும் தப்பாமல் செய்து முடித்திருந்தன. குழலுக்குள் இப்போது இரண்டு பங்கு மருந்து.

ஒரு மூச்சு நேரம் அவன் அசையவில்லை. இது அவனுக்கும் அப்பாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். யாரும் அவனிடம் எதையும் கேட்கவில்லை. கேட்காமலே எடுத்துக்கொண்டு போனார்கள். தஞ்சாவூர் நிபுணர்கள் பதில் சொல்லட்டும். அந்த ஒரு மூச்சு அவன் வாழ்நாளிலேயே நீளமானதாக இருந்தது. அதற்குள் பீடப்பையன்களின் மணி கேட்டது. கொடி மரத்தடியைவிட்டுக் கிளம்பியது. சகாயம் கட்டையைத் தோளில் வைத்துக் கன்னத்தை அதில் சாய்த்தான், பிரகாசு இழைத்து வழவழப்பாக்கிய அந்த இடத்தில்.

“டேய் சகாயம்! நிறுத்துடா!”

கயிற்றைத் தூக்கிக்கொண்டு அவன் உள்ளே நுழைந்தபோது நாலு பேர் வந்து மார்பில் கைவைத்தார்கள். அவன் சொன்னதில் அவர்கள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று.

“யார்ரா டேய்ங்கற? எங்க வந்து யாரப் பேசற?”

“அண்ணே, விடுங்க. அது ஏற்கெனவே கெட்டிச்சிருக்கு. நான் மத்தியானமே—”

“நீ கெட்டிச்சா நீதான் சுடணும்னு வந்துட்டியா? நல்ல கதையா இருக்கே.”

“கையில கம்பி வச்சிருக்கான், வாங்குங்கடா அத.”

சாமிதுரை திரும்பிப் பார்த்தார். தண்ணீர் குடித்த வாயால், அதே அன்பான குரலில் சொன்னார்: “அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லியாச்சுல்லப்பா. நல்ல நாளுல வந்து மானத்த வாங்காத. போ, அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போ.”

கொடி பாதி மரத்தைத் தாண்டிவிட்டது. எல்லாருடைய தலையும் அதோடு சேர்ந்து மேலே போய்க்கொண்டிருந்தது. சகாயம் மட்டும் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுத்து, கூட்டத்துக்கு நடுவே இழுபட்டுக்கொண்டிருந்த பிரகாசைப் பார்த்தான். கேப்பு பொருத்தியாகிவிட்டது. குதிரை பின்னுக்கு மடிந்து நின்றது. பிரகாசின் கண்ணில் அவன் என்னத்தைக் கண்டானோ தெரியாது. விரல் விசையில் இருந்தது. முகத்தில், ஜெனரேட்டர் மறைவில் இருந்த அதே சங்கடம்.

பிரகாசின் சட்டைப் பித்தான்கள் தெறித்துவிட்டன. இழுத்தவர்களின் தலைகளுக்கு மேலாக அவன் கோலைத் தூக்கி நீட்டினான். இரண்டு கோடுகளும் சாயங்கால வெயிலில் தெளிவாகத் தெரிந்தன. ‘டா’வை விழுங்கிவிட்டு, தொண்டை கிழியக் கத்தினான்.

“எனக்குத் துப்பாக்கி வேணாங்க! நான் சுடறேன்னு கேக்கலங்க! சகாயம்... ஒரே ஒரு தடவை, இந்தக் கோலை உள்ள விட்டுப் பாருங்க!”